நூறாவது இதழின் கடைசி பலூன்

ஜூன் 4

இந்த டைரி பாப்பா கொடுத்தது. இரண்டு வருஷம் பழசு. கிழமை எல்லாம் தப்பாக இருக்கும், தேதியை மட்டும் பாருங்கள் என்றது. தேதியை மட்டும் பார்க்கிறேன்.

என் பெயர் மாடக்கண்ணு. வயது அறுபத்தொன்பது. ஊர் கோவில்பட்டி. இந்த நாலு வரியையும் நானே எழுதினேன். பக்கத்தில் யாரும் இல்லை. என் மனைவி உலகம்மாள் அடுப்படியில் இருக்கிறாள். அவளுக்கும் எழுதத் தெரியாது.

பதினாலு மாதமாகச் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன். இப்போது எதைப் பார்த்தாலும் வாசிக்கிறேன். பேருந்து நிலையத்தில் ‘எச்சில் துப்பாதீர்’ என்று எழுதியிருக்கிறது. இத்தனை காலம் அங்கே நின்றுதான் துப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வரி எழுதினால் எழுந்து நாலு நடை நடக்கத் தோன்றுகிறது. உட்கார முடியவில்லை. சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

ஜூன் 5

‘வேறு ஏதாவதா’ என்று நேற்று ஏன் எழுதினேன்? சரி, இருக்கட்டும்.

ஜூன் 7

பாப்பா என்றால் குழந்தை இல்லை. பெயர் செல்வக்கனி, ஐம்பத்திரண்டு வயது. வெட்டுக்கிளி காமிக்ஸின் முதலாளி. அதன் அப்பா காலத்திலேயே நான் வேலைக்குச் சேர்ந்ததால் எனக்கு இன்னும் பாப்பாதான். சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறை. ஒன்றில் பாப்பாவும் கம்ப்யூட்டரும். இன்னொன்றில் நானும் புத்தகங்களும். பார்சல் கட்டுவது, தபாலில் சேர்ப்பது என் வேலை.

அலமாரியில் எங்கள் புத்தகங்களின் முதுகைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தேன். ‘உப்பளத்து உளவாளி’. ‘ஏழாவது கப்பலில் யார்?’ ‘எரிமலைத் தீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை’. எல்லாமே சர்வேயர் சங்கிலி கதைகள். கையில் அளவுச் சங்கிலியோடு கடல், பாலைவனம், நிலா என்று எங்கேயும் போய் அளக்கிறவர். முப்பத்தொரு வருஷமாக அட்டைப் படத்தை வைத்தே எல்லாவற்றையும் அடையாளம் கண்டுவந்தேன். அவற்றுக்குப் பெயர் இருக்கிறது என்பது எனக்குப் புதுசு.

நூறாவது இதழ் வர வேண்டும். வரவில்லை. அதனால்தான் பாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை.

ஜூன் 8

நேற்று பாதியில் விட்டேன். கை வலித்தது.

சங்கிலியை வரைகிறவர் ஓவியர் தவசிலிங்கம். கதையும் அவரே. அவருடைய வழக்கம் ஊரில் யாருக்கும் இல்லாதது. முதலில் எல்லாப் பக்கத்தையும் வரைந்து முடிப்பார். ஆள் பேசுகிற இடத்தில் வெள்ளையாக ஒரு பலூன் போட்டுக் காலியாக விட்டுவிடுவார். கடைசிப் பக்கம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து, எந்தப் பலூனில் என்ன வசனம் என்று மளமளவென்று சொல்லுவார். அதுவரை கதை அவர் மண்டைக்குள் இருக்கும்.

நூறாவது இதழுக்கு நாற்பத்தெட்டுப் பக்கமும் வரைந்து முடித்தார். மறுநாள் காலையில் வசனம் சொல்ல வருவதாக இருந்தது. அன்று விடியும்போது பக்கவாதம் அடித்துவிட்டது. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. இரண்டு மாதம் ஆகிறது.

நூற்று எண்பத்தேழு பலூன்கள் காலியாக இருக்கின்றன. நான் எண்ணினேன்.

ஜூன் 10

பாப்பா தமிழாசிரியர் நல்லபெருமாளை வைத்து வசனம் எழுதியது. நல்ல மனிதர். எங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவர். நேற்று இருவரும் அதைத் தவசிலிங்கத்திடம் வாசித்துக் காட்டப் போனார்கள். இரண்டாம் பக்கத்திலேயே அவர் இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டாராம். வாத்தியார் வேட்டியெல்லாம் ஆர்லிக்ஸ்.

“என்ன எழுதியிருந்தாரு பாப்பா?”

“சங்கிலி ஒரு பாறை மேல கால மடக்கி உக்காந்துருக்காருல்ல. அதுக்கு, ‘ஆஹா! இயற்கையன்னையின் எழிலே எழில்!’னு எழுதியிருக்காரு.”

“அது முள்ளுல்லா?”

“எது?”

“கால்ல முள்ளு ஏறியிருக்கு. அதப் புடுங்கத்தான் உக்காந்துருக்காரு. மூஞ்சியப் பாரு.”

பாப்பா அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. நான் பார்சல் கட்டப் போய்விட்டேன்.

ஜூன் 12

புது இதழ் வரும்போதெல்லாம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய் உலகம்மாளுக்கு வாசித்துக்காட்டுவேன். முப்பத்தொரு வருஷமாக. எழுத்துத் தெரியாத காலத்திலும் வாசித்தேன். படத்தைப் பார்த்து, விரலை நகர்த்திக்கொண்டே, வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருந்தேன்.

இன்றைக்குப் பழைய ‘ஏழாவது கப்பலில் யார்?’ எடுத்து, முதல் தடவையாக உள்ளே இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். ஓர் எழுத்து விடவில்லை. பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன்.

“நல்லால்ல,” என்றாள்.

“ஏன்?”

“முந்தியெல்லாம் அந்தக் கப்பக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டி. சண்ட நடக்கும். இப்ப என்னமோ அவுக பாட்டுக்கு ‘வடக்கே திருப்பு, தெற்கே திருப்பு’ங்காக.”

“உள்ள அதுதான் எழுதியிருக்கு.”

“அப்ப முந்தி எதப் பாத்து வாசிச்சீக?”

நான் பக்கத்தைப் புரட்டினேன். அவளே சொன்னாள்: “ஒரே பொஸ்தகத்துல அந்தக் குதிரக்காரன ஒரு தடவ கொன்னீக, ஒரு தடவ கல்யாணம் பண்ணி வச்சீக. எனக்குத் தெரியாதாக்கும்?” சிரிப்பை அடக்கிக்கொண்டு முருங்கைக்கீரை உருவினாள்.

எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்கவில்லை.

ஜூன் 15

பாப்பா நாற்பத்தெட்டுப் பக்கத்தையும் தரையில் பரப்பி, “சொல்லுங்க அண்ணாச்சி, என்ன நடக்குது?” என்றது.

பக்கங்களில் கால் படாமல் குந்தி உட்கார்ந்தேன். சங்கிலி ஓர் ஊரை அளக்கப் போகிறார். கடலோரத்து ஊர். காலையில் அளந்தால் ஓர் அளவு, சாயங்காலம் அளந்தால் ஓர் அளவு. எல்லைக்கல் நட்ட இடத்தில் இல்லை, தள்ளி நிற்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது சகஜம். ஒரு கிழவி அவருடைய அளவுச் சங்கிலியைக் கொடியாகக் கட்டிப் புடைவை காயப்போடுகிறாள். எனக்குச் சொல்லச் சொல்லக் கண்ணில் ஓடியது. கடைசிப் பக்கம் மட்டும் பிடிபடவில்லை. சங்கிலி எல்லைக்கல் பக்கத்தில் நின்று, காதோரம் கையை வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறார். வாய் மூடியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பெரிய பலூன். வாய் மூடியிருக்கிறவர் எப்படிப் பேசுவார்?

“நீங்க போயி தவசி மாமாகிட்ட இதச் சொல்லணும்,” என்றது பாப்பா. “அவுக தலையாட்டணும். அவுக சரின்னு சொல்லாம நான் ஒரு வார்த்த போட மாட்டேன். ஆடிப் பதினெட்டு தாண்டுச்சுன்னா சிவகாசியில காலண்டர் வேல ஆரம்பிச்சிரும். நம்மள எவன் சீந்துவான்? டாக்டரு வேற, இன்னொரு தடவ வந்தா தாங்காதுங்காரு.”

“நான் போவ மாட்டேன் பாப்பா.”

“முப்பத்தெட்டாம் இதழ நெனச்சுக்கிட்டா? இருவத்திரெண்டு வருசமாச்சு.”

முப்பத்தெட்டாம் இதழைப் பற்றி இதில் எழுத விருப்பமில்லை.

ஜூன் 16

கோந்து வாங்கினேன். மழை வருவதுபோல் இருந்து வரவில்லை.

ஜூன் 18

போனேன். அவருடைய தங்கை ஆவுடையம்மாள்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். “வாங்கண்ணே, எத்தன வருசம்!” என்றாள். அவர் என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். படுத்திருக்கிறவர் திரும்புவது சுலபமில்லை. மெதுவாக, சிரமப்பட்டுத் திரும்பினார். அத்தனை நேரமும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

சுவரில் ஒரு மருந்துக்கடை காலண்டர். அதை மூன்று தடவை வாசித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 21

உலகம்மாள் நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கூட்டிப்போனேன். அவர் மறுபடி திரும்பிக்கொண்டார். நான் எழுந்துவிட்டேன். இவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“அவுகளுக்கு ஒண்ணும் சொல்லவேணாம். எனக்குச் சொல்லுங்க. புதுப் பொஸ்தகம் வந்தா எனக்குத்தான சொல்லுவீக?”

பக்கங்களை மடியில் வைத்து அவளுக்குச் சொன்னேன். முதலில் சரியாக வரவில்லை. எழுத்துக் கற்ற பிறகு இது ஒரு கஷ்டம். படத்தைப் பார்க்காமல் எழுத்தைத் தேடுகிறேன். பலூன் காலியாக இருந்தால் கண் அங்கேயே போய் நிற்கிறது. கஷ்டப்பட்டு மூஞ்சிகளைப் பார்த்தேன். மெல்லப் பழைய பாதை வந்தது.

“சங்கிலி பாறையில உக்காந்து காலத் தூக்குறாரு. ஊர்க்காரன் ஒருத்தன், ‘என்ன சார் தவமா?’ங்கான்.”

“அவரு என்னங்காரு?” என்றாள் உலகம்மாள்.

“‘முள்ளு’.”

சுவர்ப்பக்கமிருந்து ஒரு சத்தம். தும்மலா இருமலா என்று எங்களுக்குப் புரியவில்லை. ஆவுடையம்மாள் ஓடிவந்தாள். “அண்ணன் சிரிக்காக!” என்றாள். “ரெண்டு மாசத்துல இன்னிக்குத்தான் சிரிக்காக!”

அவர் திரும்பவில்லை. ஆனால் இடது கை கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டியது.

ஜூன் 22

ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் தப்பு. ஆவுடையம்மாள் சொன்னாள், சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் அதுதான் கணக்காம்.

ஜூன் 25

தினமும் போகிறோம். ஒரு நாளைக்கு எட்டுப் பலூன், ஒன்பது பலூன். நான் உலகம்மாளுக்குச் சொல்லுவேன். கட்டில் தட்டும். ஒரு தட்டு விழுந்தால் அங்கேயே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். சாயங்காலம் பாப்பா நோட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும். என் கையெழுத்து பெரிசு, எழுத எழுத வலிக்கும். அதனால் சங்கிலி இந்தப் புத்தகத்தில் அதிகம் பேசுவதில்லை.

வாத்தியார் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். “சிக்கனமா எழுதுறீங்க,” என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 29

கிழவி புடைவை காயப்போடுகிற படத்துக்கு மட்டும் முழுப் பகலும் போயிற்று. இருபது வசனம் சொன்னேன். இரண்டு தட்டு, இரண்டு தட்டு. கடைசியில் உலகம்மாள் அலுத்துப்போய், “ஏ சர்வேயரு, அந்த ஓரத்தக் கொஞ்சம் பிடி, தண்ணி சொட்டுது,” என்றாள். ஒரு தட்டு.

இவள் பெயரையும் புத்தகத்தில் போட வேண்டும் என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 3

இன்றைக்கு அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. நேராகப் படுத்துக்கொண்டு என் கையைப் பார்த்தார். நான் எழுதுவதைப் பார்த்தார். பேனா நகர்கிற இடமெல்லாம் அவர் கண் வந்தது. எனக்கு ‘ழ’ பிசகிவிட்டது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அவர் ஒன்றும் தட்டவில்லை.

முப்பத்தெட்டாம் இதழைப் பற்றி எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அப்போது எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. வசனத்தை ஒருவர் வெள்ளைத்தாளில் அழகாக எழுதித் தருவார். அதைத் துண்டு துண்டாகக் கத்தரித்துப் பலூனுக்குள் கோந்து வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டுகிறவன் நான். எழுதத் தெரியாதவன் எப்படி ஒட்டினான் என்றால், எண் எனக்குத் தெரியும். துண்டின் ஓரத்தில் ஓர் எண், பலூனில் அதே எண். வேலைக்குச் சேரும்போது இரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

‘உப்பளத்து உளவாளி’யின் கடைசிப் பக்கம். ஒரே கட்டத்தில் இடதுபக்கம் வாசலில் சங்கிலியின் அம்மா. நடுவில் சங்கிலி. வலதுபக்கம் துப்பாக்கியோடு இன்ஸ்பெக்டர். இரண்டு பலூனும் ஒரே அளவு. கத்தரிக்கும்போது எண்ணையும் சேர்த்து வெட்டிவிட்டேன். இரண்டு துண்டும் என் உள்ளங்கையில் இருந்தன. பக்கத்து அறையில் அப்போதைய முதலாளி, பாப்பாவின் அப்பா, இருந்தார். தவசிலிங்கமும் இருந்தார். “இதில் எது அம்மா, எது இன்ஸ்பெக்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்துபோகும். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று ஒட்டிவிட்டேன்.

புத்தகம் வந்தது. அம்மா, “அசையாதே! அசைந்தால் சுட்டுவிடுவேன்!” என்றாள். துப்பாக்கி பிடித்த இன்ஸ்பெக்டர், “வந்துட்டியா ராசா? சாப்பிட்டியா?” என்றார்.

ஊரே சிரித்தது. டீக்கடையில் தவசிலிங்கத்தைப் பார்த்து, “ஒங்கம்மா சுட்டுருவாளாமே ஓய்,” என்றார்கள். அவர் அந்த அம்மாவுக்குத் தன் அம்மாவின் முகத்தைப் போட்டிருந்தார். அம்மா இறந்து அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அலுவலகத்துக்கு வந்து, “படிக்கத் தெரியாதவன் கையில இனிமே என் பக்கத்தக் குடுக்காதீங்க,” என்று முதலாளியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னிடம் எதுவுமே சொல்லவில்லை. அப்புறம் பாப்பாதான் ஒட்டியது. நான் பார்சலுக்குப் போனேன்.

எல்லாப் புத்தகத்தையும் இப்போது வாசித்துவிட்டேன். முப்பத்தெட்டை மட்டும் திறக்கவில்லை.

ஜூலை 4

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 12

நூற்று எண்பத்தாறு பலூன் முடிந்தது. மிச்சம் ஒன்று.

கடைசிப் பக்கம். சங்கிலி, எல்லைக்கல், காதோரம் கை, மூடிய வாய், பெரிய பலூன். “அளவு முடிந்தது” என்றேன். இரண்டு தட்டு. “இந்த ஊருக்கு எல்லை இல்லை.” இரண்டு தட்டு. “போய் வருகிறேன்.” இரண்டு தட்டு, பலமாக. உலகம்மாளும் சொல்லிப்பார்த்தாள். ஆவுடையம்மாளும் சொல்லிப்பார்த்தாள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபம்தான்.

ஜூலை 14

வாத்தியாரையும் கூட்டிப்போனோம். “வாய் மூடியிருக்கு, அப்ப மனசுக்குள்ள நெனைக்கிறாரு,” என்றார். ‘எல்லையற்ற பரம்பொருளே’ என்று தொடங்கினார். ஆவுடையம்மாள் ஓடிப்போய் டம்ளரை எடுத்துத் தூர வைத்தாள்.

ஜூலை 16

நூறு தாண்டிவிட்டது. அத்தனையும் தப்பு. அவர் சோர்ந்துபோனார். தட்டுவதுகூட மெலிதாக இருக்கிறது. கஞ்சி இறங்கவில்லை என்கிறாள் தங்கை. எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. ஸ்டேஷன் வரை நடந்தேன், திரும்பி நடந்தேன், மறுபடி நடந்தேன். நான் தப்பாக எதையாவது போட்டுவிட்டு, அவர் அதைப் பார்த்துக்கொண்டே

ஜூலை 17

நேற்றைய வரியை முடிக்கப்போவதில்லை.

ஜூலை 18

காலையில் உலகம்மாளுக்கு ‘எரிமலைத் தீவு’ வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் ஏழு பேர் கூட்டமாக நிற்கிறார்கள்.

“இத யாரு சொல்லுதா?” என்றாள்.

“பலூனுக்குக் கீழ ஒரு வால் இருக்குல்ல. அது யாரக் காட்டுதோ அவுக சொல்லுதாக,” என்று விரலை வைத்து வாலின் வழியே நகர்த்திக் காட்டினேன். மீசைக்காரன் வாயில் போய் முடிந்தது.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

நூறாவது இதழின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். பலூனின் வாலில் விரல் வைத்தேன். அது சங்கிலியிடம் போகவில்லை. அவரை விட்டு விலகி, எல்லைக்கல்லைத் தாண்டி, கட்டத்தின் கோட்டையும் தாண்டிக் கீழே வந்தது. காகிதத்தின் ஓரம் வரை வந்தது. அங்கே பக்கத்தைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் இருந்தது. வால் அதில் முடிந்தது.

இத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் பலூனுக்குள் என்ன போடலாம் என்று பார்த்தோமே தவிர, வாலை யாரும் பார்க்கவில்லை. முப்பத்தெட்டிலும் நான் வாலைப் பார்க்கவில்லை.

காதோரம் கை வைத்திருக்கிறாரே. அவர் பேசவில்லை. கேட்கிறார்.

ஜூலை 18, மதியம்

ஒரே நாளில் இரண்டு தடவை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

போனோம். பேனாவை எடுக்கவே இல்லை. பக்கத்தை அவர் முன்னால் பிடித்து, வாலின் மேல் விரலை ஓட்டி, காகிதத்துக்கு வெளியே கொண்டுவந்து, முதலில் என் நெஞ்சைத் தொட்டேன். அப்புறம் உலகம்மாளைக் காட்டினேன். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே தெருவைக் காட்டினேன்.

“இது பொஸ்தகத்தப் பிடிச்சிருக்கவுக பலூன். அவுகதான் பேசணும். நாம ஒண்ணும் எழுதக் கூடாது. அப்படித்தான?”

அவர் தட்டவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. அப்புறம் தட்டினார். ஒரு தட்டு.

“அப்பாடி,” என்றாள் ஆவுடையம்மாள். “இனியாவது கஞ்சி குடிப்பீகளா?”

ஒரு தட்டு.

ஜூலை 27

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

பாப்பாவுக்குக் காய்ச்சல். அச்சு ஓட்டும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று என்னைச் சிவகாசிக்கு அனுப்பியது. வழியெல்லாம் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டு போனேன். அச்சகத்தில் முதல் தாளை எடுத்து நீட்டினார்கள். கலரெல்லாம் பிரமாதம். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பலூனுக்குள் எழுத்து இருந்தது.

எழுத்துக்கூட்டினேன். மு. ற். று. ம்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஃபோர்மேன் கையைப் போய்ப் பிடித்தேன்.

“என்ன அண்ணாச்சி, மிஷின்ல கைய விட்டுட்டீங்களா?”

“தப்பு. ‘முற்றும்’னு போட்டுருக்கு. அந்த எடம் காலியா இருக்கணும்.”

“காலியா வுடுறதுக்கு எதுக்குவே ஒரு பலூனு? யாரு ஒமக்கு இதப் படிச்சுச் சொன்னா?”

“நான்தான். நானே படிச்சேன்.”

சொல்லும்போது அந்த அவசரத்திலும் எனக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது.

பாப்பாவுக்குப் போன் போட்டேன். விசாரித்தால் வாத்தியார் வேலை. பிழை பார்க்கும்போது, அடடா ஒன்றை விட்டுவிட்டார்களே என்று அவரே போட்டு அனுப்பியிருக்கிறார். நல்லெண்ணம்தான். பாப்பா ஃபோர்மேனிடம் பேசியது. அவர் தலையில் அடித்துக்கொண்டு புது அச்சுத் தகடு போடச் சொன்னார். மூன்று மணி நேரம் ஆயிற்று. நான் உட்காரவே இல்லை. இரண்டாவது தடவை வந்த தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

பலூனுக்குள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தேன்.

ஆகஸ்டு 3

ஆடிப் பதினெட்டு. பண்டல்கள் காலையிலேயே வந்துவிட்டன. ‘சர்வேயர் சங்கிலியும் அளக்க முடியாத ஊரும்’. உள்ளே முதல் பக்கத்தில் ஓவியம், கதை: தவசிலிங்கம். வசனம்: தவசிலிங்கம், மாடக்கண்ணு, உலகம்மாள். என் பெயரின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். உலகம்மாளுக்கும் அவள் பெயரைக் காட்டினேன். “எம்புட்டு நீளமா இருக்கு,” என்றாள். புளியோதரையும் தேங்காய்ச் சோறும் செய்திருந்தாள். ஒரு தூக்குச்சட்டியில் தவசிலிங்கத்துக்கும் கொடுத்தனுப்பினோம்.

நாள் முழுக்கப் பார்சல். முகவரிகளையெல்லாம் வாசித்துக்கொண்டே கட்டினேன். இத்தனை ஊர் இருக்கிறதா!

ஆகஸ்டு 11

கடிதங்கள் வருகின்றன. சிலர் போனில் படம் எடுத்தும் அனுப்புகிறார்கள். எல்லோரும் அந்தப் பலூனில் எழுதியிருக்கிறார்கள்! யாரும் எழுதச் சொல்லவில்லை.

தவசிலிங்கத்திடம் எடுத்துப்போய் வாசித்தேன். ஒருவர்: “சர்வேயர் சார், எங்க தெருவையும் அளந்துட்டுப் போங்க, பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டடி அமுக்கிட்டான்.” ஒரு பெண்: “உள்ளே வரலாமா?” ஒரு சிறு பிள்ளை கோணல் எழுத்தில்: “அம்மா சாப்பிடக் கூப்புடுது, நாளைக்கு வாரேன்.” ஒரு பெரியவர், புத்தகம் முழுவதையும் திட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில்: “இருந்தாலும் அடுத்தது எப்போது?”

ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. எதற்கும் இரண்டு தட்டு விழவில்லை.

ஆகஸ்டு 16

இன்றைக்கு நான் தனியாகப் போயிருந்தேன். ஆவுடையம்மாள் வாசலிலேயே சொன்னாள்: “அண்ணன் காலையிலருந்து பீரோவக் காட்டிக்கிட்டே இருக்காக. ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனேன். இதுக்குத்தான் ஒரு தட்டு.” கட்டில் மேல் ஒரு பழைய புத்தகம் இருந்தது. ‘உப்பளத்து உளவாளி’. முப்பத்தெட்டாம் இதழ். கடைசிப் பக்கம் மடித்திருந்தது.

எனக்கு எழுந்து ஓடத் தோன்றியது. அவர் இடது கை புத்தகத்தை என் பக்கம் தள்ளியது. அப்புறம் என் வாயைக் காட்டியது.

வாசிக்கச் சொல்கிறார்.

இருபத்திரண்டு வருஷமாக நான் வாசிக்காத பக்கம். எழுத்துக்கூட்டி, சத்தமாக, இருந்தபடியே வாசித்தேன். அம்மா: “அசையாதே! அசைந்தால் சுட்டுவிடுவேன்!” இன்ஸ்பெக்டர்: “வந்துட்டியா ராசா? சாப்பிட்டியா?”

“எனக்கு அப்ப படிக்கத் தெரியாது,” என்றேன். “கேட்டிருக்கணும். கேக்கல.”

அவர் கையை நீட்டினார். பேனாவைக் கேட்கிறார். கொடுத்தேன். புத்தகத்தை நான் பிடித்துக்கொண்டேன். இடது கை, ஆடிக்கொண்டே இறங்கியது. முதலில் இரண்டு பலூன்களின் வாலையும் கிறுக்கி அடித்தார். அப்புறம் இடதுபக்கப் பலூனிலிருந்து ஒரு கோடு இழுத்தார். கோணல்மாணலாக, கட்டத்துக்குக் குறுக்கே, இன்ஸ்பெக்டர் வாய் வரைக்கும். நிறுத்தி மூச்சு வாங்கினார். வலதுபக்கப் பலூனிலிருந்து இன்னொரு கோடு. அது முதல் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, சங்கிலியின் தலைக்கு மேலே போய், வாசலில் நின்ற அம்மாவின் வாயைத் தொட்டது. நடுவில் பெரிய பெருக்கல் குறி போல இருந்தது. அத்தனை வருஷம் அத்தனை அழகாக வரைந்தவர், நெற்றி வியர்க்க வரைந்த இரண்டு வால்கள்.

பேனாவைக் கீழே விட்டார். மறுபடியும் என் வாயைக் காட்டினார்.

நான் விரலை இன்ஸ்பெக்டரின் வாலில் வைத்து வாசித்தேன். அப்புறம் அம்மாவின் வாலில் வைத்து வாசித்தேன்.

“வந்துட்டியா ராசா? சாப்பிட்டியா?”

ஒரு தட்டு.